ரேகை விழாத கை

என் வாழ்நாளில் நான் ஒரு முழுச் சுவர் கட்டியது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டியில் நாலு வருடம் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தவள் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்கு உடம்பு கூசுகிறது. கற்றுக்கொடுத்தேனாம். புத்தகத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தேன், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

மதுரையில் சிவில் டிப்ளமோ படித்தேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சிமெண்டில் நிற்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா எங்கள் பாஷையில் மூன்று வருடம் புலம்பினாள். அவள் வீணாகப் பயந்தாள், என்னை யாரும் சிமெண்டில் நிற்கவே விடவில்லை. நான் ஏறி இறங்கிய காண்ட்ராக்டர்கள் எல்லாரும் ஒரே காரணம் சொன்னார்கள், சைட்டில் பெண்களுக்கு பாத்ரூம் வசதி இல்லையாம். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பத்துப் பெண்கள் தலையில் கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்களெல்லாம் எங்கே போகிறார்கள் என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். வாய் ஜாஸ்தி என்று அவர் என்னை அனுப்பிவிட்டார்.

இரண்டு வருடம் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் கட்டுகிற வீடுகளுக்கு வரைபடம் போட்டேன். அப்புறம்தான் இந்தத் திறன் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது. அரசுத் திட்டம் ஒன்றை ஒரு தனியார் நிறுவனம் எடுத்து நடத்தியது. என்னை ஐந்து நாள் சென்னைக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய அறையில் பந்து தூக்கிப்போட்டு விளையாடினோம், சமோசா சாப்பிட்டோம், ஆளுக்கொரு சார்ட் பேப்பரில் படம் வரைந்தோம். ஆறாவது நாள் நான் கொத்து வேலைப் பயிற்றுநர். அதற்கு ஒரு சான்றிதழும் உண்டு. அதற்காக நான் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை.

திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. கட்டட வேலையில் பெண் என்றால் சித்தாள். கலவை சுமப்பது, கல் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றுவது. இருபது வருடம் வேலை செய்தாலும் அவள் சித்தாள்தான். நேற்று வந்த பையன் இரண்டு வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அந்தப் பெண்களைக் கூப்பிட்டு, இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, கொத்தனார் என்று சான்றிதழ் கொடுத்து, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட வேண்டும். ஒரு குழுவுக்கு முப்பது பேர். ஒரு ஆள் குறைந்தாலும் குழு ரத்து. ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பதும் என் வேலைதான்.

உசிலம்பட்டிக்கு வெளியே, மூடிப்போன ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் வகுப்பு. பயிற்சிக்குக் கட்டுகிற சுவருக்கு சிமெண்ட் போடமாட்டோம். செம்மண்ணைக் குழைத்துக் கட்டி, சாயங்காலம் பிரித்து, கல்லைக் கழுவி அடுக்கிவைத்துவிட்டு மறுநாள் அதே கல்லில் கட்ட வேண்டும். பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. காலையில கட்டி சாயங்காலம் இடிக்கிற வேலைக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குது பாரேன் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த அக்கா இரண்டாவது குழுவுக்கு வந்தவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து சித்தாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வரிசை வரிசையாக வீடுகள் முளைத்தபோது முளைத்த ஒவ்வொரு தெருவிலும் வேலை செய்திருக்கிறாள். பெயர் எழுதிக்கொள்ளும்போது வேலை தெரியுமா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். அவள் மைதானத்தில் நான் மாதிரிக்குக் கட்டவைத்திருந்த சுவரைச் சுற்றி வந்தாள். பக்கத்தில் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மூலையில் அரை விரல் வெளியே தள்ளியிருக்கிறது என்றாள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சரியாக அரை விரல்.

எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு அவள் சொன்ன கதை நீளம். கீழே நின்று கல்லைத் தூக்கிப் போடுகிறவளுக்கு மேலே நடப்பது எல்லாம் தெரியும். கொத்தனார் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிற முக்கால் மணி நேரத்தில் இவள் ஒரு வரிசை கல் வைத்துப் பார்ப்பாள். அவன் எழுவதற்குள் எடுத்துவிடுவாள். ஒரு தடவை எடுக்கவில்லை. அவன் எழுந்து, தான் வைத்த வரிசை என்று நினைத்து அதற்கு மேலேயே கட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டைக் கட்டி முடித்து வீட்டுக்காரர் பால் காய்ச்சிய அன்றைக்கு இவளும் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இவள் தன் கரண்டியைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்ட இன்னொரு கொத்தனார், தீட்டாகிவிட்டது போல அதைக் கழுவிவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறியது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டீச்சர். நாலு பேரு பாக்க நின்னு கல்லு வைக்கணும். ஒளிஞ்சு வச்சது போதும்."

இப்படி ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தத் திட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவள் தானாக நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விரல் வைக்கிற கருவியை அவள் பக்கம் தள்ளினேன்.

அது தீப்பெட்டி அளவுக் கருவி. கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும். ஆதார் எண்ணை அடித்து அதன் கண்ணாடியில் விரலை வைத்தால் பச்சை எரியும். பச்சை எரிந்தால்தான் பெயர் பதிவு. தினமும் காலையிலும் சாயங்காலமும் பச்சை எரிந்தால்தான் வருகை. அவள் வைத்தாள். சிவப்பு. வேறு விரல், சிவப்பு. பத்து விரலும் வைத்துவிட்டு அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நானும் பார்த்தேன். விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன. இருபது வருட சிமெண்ட் ரேகையைத் தின்றுவிட்டிருந்தது.

பக்கத்தில் அவளுடைய மருமகள் நின்றிருந்தாள். துணைக்கு வந்தவள். பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நின்றவள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்தாள். விளையாட்டாக அவள் தன் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். கருவி அவள் விரலை ஒரு நொடியில் பிடித்துக்கொண்டு ஆதார் எண் கேட்டது.

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் அந்த விரல்களோடு பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். தேங்காய் எண்ணெய் தடவினோம். வாஸ்லின் தடவினோம். வெந்நீரில் ஊறவைத்தோம். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தால் விழும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் செய்தோம். வேலைக்குப் போகாமல் பத்து நாள் இருந்தால் ரேகை திரும்பும் என்றார்கள், அவளும் போகாமல் இருந்தாள். ஆதார் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, உங்களுக்கு ரேகை இல்லையேம்மா என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தோம். அது தெரிந்துதான் போயிருந்தோம். கண்ணைப் பார்த்துப் பதிவு செய்கிற கருவி ஒன்று உண்டு, அதை அனுப்புங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அடுத்த வாரம் வரும் என்றார்கள். விதிவிலக்கு கொடுங்கள் என்று எழுதினேன். பெயர் பதிவு செய்கிற போர்ட்டலில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று பதில் வந்தது.

என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது இதுதான். கட்டட வேலை தெரியும் என்பதற்கு அவள் கையைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? ஆனால் அந்தக் கையால்தான் அவளுக்குக் கதவு மூடியது. கலவையே தொடாத விரல்கள் எல்லாம் பச்சை பச்சையாக எரிந்து உள்ளே வந்தன. அந்தக் குழுவில் உண்மையாகவே சித்தாள் வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களும் தினமும் இரண்டு மூன்று தடவை தேய்த்துத் தேய்த்துத்தான் பச்சையை வாங்குவார்கள். மற்றவர்கள் எல்லாம் பயண உதவித்தொகைக்கு வந்தவர்கள்.

பதிவு முடிகிற நாள் வந்தது. இருபத்தொன்பது பேர். ஒரு ஆள் குறைகிறது. மேலிடத்திலிருந்து மத்தியானத்துக்குள் நாலு தடவை போன் செய்துவிட்டார்கள். இங்கே நான் நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. அந்த யோசனை என்னுடையது. மருமகள் பெயரில் பதிவு செய்துவிடலாம், அவள் காலையிலும் சாயங்காலமும் வந்து விரல் வைக்கட்டும், நீங்கள் கரண்டி பிடியுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். பேரில் என்ன இருக்கிறது, வேலை கையில்தானே இருக்கிறது என்று கூடவே ஒரு வசனமும் பேசினேன். அவளுக்காகச் செய்வதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பதாவது ஆளுக்காகவும் செய்தேன்.

அவள் பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், சர்டிபிகேட்டில் யார் பெயர் வரும் என்று கேட்டாள். மருமகள் பெயர்தான் வரும், ஆனால் கண் கருவி வந்ததும் மாற்றிவிடலாம் என்றேன். மாற்ற முடியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன்.

அந்த இரண்டு மாதத்தை என் வேலைக்காலத்தில் நல்ல காலம் என்றே சொல்வேன், வெட்கமில்லாமல். நான் புத்தகத்தை வாசிப்பேன், அக்கா கட்டுவாள். கல்லை நீளவாக்கில் வைக்கிற கட்டு, குறுக்கில் வைக்கிற கட்டு என்று புத்தகத்தில் இங்கிலீஷில் பெயர் போட்டிருக்கும். அவளுக்குப் பெயர் ஒன்றும் தெரியாது, ஆனால் எந்தக் கட்டு எங்கே விரிசல் விடும் என்று தெரியும். மற்ற பெண்கள் என்னை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். நானும் அவர்களோடு நின்றுதான் நூல் பிடிக்கப் பழகினேன். மருமகள் காலையில் வந்து விரல் வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருப்பாள். கெட்ட பெண் இல்லை. மாமியாருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பாள். வெயில் ஏறினால் அத்தே, தலையில் துண்டு போடுங்க என்று அங்கிருந்தே சொல்வாள்.

தேர்வு நடத்த ஒரு மதிப்பீட்டாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். கையில் டேப்லட். சுவரைப் படம் எடுத்தார், சுவரோடு ஆளைப் படம் எடுத்தார், ஐந்து கேள்வி கேட்டார். அக்கா விடிந்ததும் வந்து கட்டி வைத்திருந்த சுவருக்குப் பக்கத்தில் மருமகள் போய் நின்றாள். கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னாள். படித்த பெண், நான் கொடுத்த தாளை மனப்பாடம் செய்திருந்தாள். குழுவிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு சான்றிதழும் ஒரு கொத்துக்கரண்டியும் கொடுத்தார்கள். அக்கா பின்னால் டீ மேசைப் பக்கம் நின்று கை தட்டினாள். கை தட்டியதை நான் பார்த்தேன். 

கண் கருவி வரவில்லை. வேலை வந்தது. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தது. பெண் கொத்தனார்கள் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். எங்கள் மையத்திலிருந்து எட்டுப் பேரை அனுப்பினோம். ஏழு பேர் உண்மையாகவே வேலை தெரிந்தவர்கள், வருடக்கணக்காகச் சுமந்தவர்கள். எட்டாவது, மருமகள். அதிக மதிப்பெண் வாங்கியவளை விட்டுவிட்டு எப்படி அனுப்ப முடியும்?

அந்தக் கம்பெனியில் எல்லாம் முறைப்படி. கொத்தனாருக்கு நீல ஹெல்மெட், சித்தாளுக்கு மஞ்சள் ஹெல்மெட். வாசலில் சான்றிதழைப் பார்த்துத்தான் நீலம் கொடுப்பார்கள். அக்கா அங்கே சித்தாளாகச் சேர்ந்து, மஞ்சள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கொத்தனாருக்கு ஒரு சித்தாள் என்பதால் மருமகள் தன் மாமியாரையே கேட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே போனதும் தொப்பியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

முதல் மூன்று நாள் இது நடந்தது. மாடியில் பாத்ரூம்களுக்கு நடுச்சுவர் வைக்கிற வேலை. உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அக்கா கட்டினாள், மருமகள் கல் எடுத்துக் கொடுத்தாள். படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப நான் தினமும் போவேன். மூன்றாம் நாள் அக்கா சிமெண்ட் அப்பிய முகத்தோடு என்னைப் பார்த்து, இங்கயும் ஒளிஞ்சுதான் வைக்கிறேன் டீச்சர் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாலாம் நாள் கம்பெனிக்காரர்களுக்குப் புத்தி வந்தது. பெண் கொத்தனார்களை வைத்துக்கொண்டு அவர்களை ஏன் மாடியில் பூட்டி வைக்க வேண்டும்? ரோட்டைப் பார்த்த காம்பவுண்டுச் சுவரை அவர்கள் கட்டட்டும், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள். சுவர் வரப்போகிற இடத்துக்கு மேலே, மகளிர் எழுப்பும் மதில் என்று ஒரு பேனரும் கட்டினார்கள். எட்டு நீலத் தொப்பிகளும் வரிசையாக நின்றன. ஆளுக்குப் பத்தடி நீளம். தொப்பி மாற்ற வழியில்லை.

நான் போனபோது மணி பதினொன்று. மருமகள் கல் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா சும்மாட்டின் மேல் சட்டியோடு வந்து வந்து நின்று, உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நூலப் பாரு. கல்ல நனைச்சு வை. கலவையக் கொற. அந்தப் பெண் அழுகிற முகத்தோடு சொன்னதையெல்லாம் செய்தாள். சொல்லிச் செய்கிற வேலையா அது? மற்ற ஏழு பேர் சுவரும் நேராக ஏறியிருந்தது. இவள் சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ரோட்டில் போன இரண்டு மூன்று பேர் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

சைட் இன்ஜினியர் வந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன், அதே டிப்ளமோ. கத்தவில்லை, திட்டவில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். ஷூக் காலால் மெல்லத் தள்ளினான். மார்பளவு சுவர் அந்தப் பக்கம் சரிந்தது. மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா சட்டியை இறக்கி வைத்தாள். மருமகள் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. விழுந்த கல்லில் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டி எறிந்தாள், அடியை வழித்துச் சுத்தம் செய்தாள், நூலை இழுத்துக் கட்டினாள். கல் வைக்க ஆரம்பித்தாள். ஒரு வரிசை, இரண்டு, மூன்று. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். இன்ஜினியரும் நின்றான். குண்டைத் தொங்கவிட்டான், நூல் சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ரசமட்டத்தை மேலே வைத்தான். நீர்க்குமிழி நடுவில் நின்றது.

"யாரும்மா நீங்க?"

"சித்தாளு சார்."

"இம்புட்டு சுத்தமா வைக்கிறீங்க. சர்டிபிகேட் இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவனும் என் பக்கம் திரும்பினான்.

"உங்க சென்டர்ல படிச்சவங்களா மேடம்?"

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொன்னால் அடுத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். யார் விரல், யார் சுவர், யார் படம். என் வேலை போகும், மையம் போகும், மருமகள் மேல் ஏதாவது வழக்கு வரும் என்று ஒரு நொடியில் எல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. வாய் ஜாஸ்தி என்று பெயர் எடுத்தவள் நான்.

"இல்ல சார்" என்றேன்.

அக்கா கரண்டியைக் கழுவி மருமகள் கையில் கொடுத்துவிட்டுச் சட்டியை எடுத்தாள். சான்றிதழ் இல்லாதவர் கையில் கரண்டி கொடுத்தால் நாளைக்கு ஏதாவது ஆனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே சொன்னான். அப்புறம், கேட்க வேண்டியதையும் கேட்டான். சான்றிதழ் வாங்கியவள் கட்டினது விழுகிறது, வாங்காதவள் கட்டினது நிற்கிறது, அப்படியென்றால் நீங்கள் என்னதான் சொல்லித் தருகிறீர்கள் மேடம்? என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள், எங்கள் மையத்துச் சான்றிதழை நம்ப முடியாது என்று எட்டுப் பேருக்கும் மஞ்சள் ஹெல்மெட் கொடுத்துவிட்டார்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. சித்தாளாக இருக்கலாம், தாராளமாக. காம்பவுண்டை ஆண் கொத்தனார்கள் ஏற்றி முடித்தார்கள். பேனரைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அது மழைக்காலம் வரை அங்கேதான் இருந்தது. அந்த ஏழு பேரில் ஒருத்தி, குழுவில் வாயே திறக்காதவள், வாசலில் என்னை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க செவுரு நின்னுச்சுல்ல டீச்சர்?"

நின்றது என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. ஏழு பேர் வாயிலும் மண் போட்டவள் நான், அவர்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். யாரும் திட்டவில்லை. உசிலம்பட்டி பஸ்ஸில் அக்கா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். செக்கானூரணி தாண்டியது. அப்புறம் திரும்பி, அவளுக்குக் கேசு கீசு ஒண்ணும் வராதுல்ல என்று மட்டும் கேட்டாள். மருமகளைத்தான் சொன்னாள். வராது என்றேன். இந்தத் தடவை தெரிந்துதான் சொன்னேன்.

மருமகள் அந்த வாரமே நின்றுவிட்டாள், பழைய ஜவுளிக்கடைக்குப் போனாள். மூன்று மாதம் கழித்து வேலைவாய்ப்பு அறிக்கை எழுதும் நேரம் வந்தது. போர்ட்டலில் ஒரே கேள்வி: கட்டுமானத் துறையில் பணியில் உள்ளாரா? என்ன வேலை என்று கேட்கவில்லை. ஏழு பேருக்கு ஆம் என்று போட்டேன். எட்டாவதற்கும் ஆம் என்றே போட்டேன். அந்த வருடம் எங்கள் மையத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை யாரோ சட்டம் போட்டு என் மேசைக்குப் பின்னால் மாட்டினார்கள். நான் கழற்றவில்லை, அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம், எதிர்பார்க்காத ஒரு நாளில், கண் கருவி வந்து சேர்ந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கருவியைப் பற்றிச் சொன்னேன். இப்போது உங்கள் பெயரிலேயே படிக்கலாம், உங்கள் பெயரிலேயே சான்றிதழ் வரும், உங்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசினேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

"ஒரு ஆளு கொறையுதா டீச்சர்?"

 இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குழுவில் அன்றைக்கு இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். ஆமாம் என்றேன். நான் அவளுக்காகத்தான் போனேன், அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து வைத்தாள். முதல் தடவையே பச்சை. ஆனால் ரெண்டு மாதம் உட்கார முடியாது, புதுக்கோட்டைப் பக்கம் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். காலையில் பஸ் ஏறப் போகும்போது கண்ணைக் காட்டிவிட்டுப் போவதாகவும் சாயங்காலம் திரும்பும்போது காட்டுவதாகவும் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மைதானத்துக்குள் வருவாள், கண்ணைக் காட்டுவாள், கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். தேர்வன்றைக்கு வேறொருத்தி கட்டிய சுவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். விழாவுக்கு வரவில்லை.

சான்றிதழை நானே எடுத்துக்கொண்டு அவள் வேலை பார்க்கிற இடத்துக்குப் போனேன். ஒரு சின்ன வீடு, தனி ஆள் கட்டுவது. கொத்தனார் சாரத்தின் மேல் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தார். அவள் கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்தாள். நான் உறையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினேன். அவள் பெயர், அவள் படம், கொத்தனார் என்று தமிழிலும் இங்கிலீஷிலும். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். மேலே இருந்தவர் கலவை கேட்டார்.

"வீட்டுல மருமகட்ட குடுத்துருங்க டீச்சர்" என்றாள். "எனக்குக் கை ஈரமா இருக்கு."